மருந்தில்லாப் புஸ்வாணம்

சிவகாசியில் எனக்குப் பழக்கமான ஓர் அச்சகத்தில் சமீபத்தில் மாடி அறையைக் காலி செய்தார்கள். "ஒங்க சமாச்சாரம் ஏதோ ஒரு பெட்டியில கெடக்குண்ணே, வந்து பாக்குறீங்களா?" என்று முதலாளியின் மகன் போன் செய்தான். போனேன். பழைய பிளேட்டுகள், காய்ந்துபோன மை டப்பாக்கள், கட்டுக்கட்டாக வேஸ்ட் தாள். நடுவில் தீப்பெட்டி பண்டல் அடைக்கும் ஓர் அட்டைப்பெட்டி. திறந்ததும் மையும் பசையும் கலந்த பழைய வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே முழுக்க பிளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பட்டாசு லேபிள்.

பிளாப்பியோடு வரும் ஸ்டிக்கரில் பேர் எழுதி ஒட்டுவதற்கு அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. மெஷினில் ஓடிக் கழிந்த லேபிள் தாள் காலடியில் கிடக்கும். அதில் ஒன்றை வெட்டி ஒட்டிவிடுவோம். குருவி வெடி லேபிள் என்றால் உள்ளே விளையாட்டு. லட்சுமி வெடி என்றால் அச்சக வேலை, பேஜ்மேக்கர், கோரல்டிரா. அதில் கை வைக்கக் கூடாது. புஸ்வாணம் லேபிள் என்றால் டெமோ. பெட்டியில் எண்ணிக்கையில் அதிகம் புஸ்வாணம்தான்.

டெமோ என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஐரோப்பாவில் எங்கேயோ நாலைந்து பையன்கள் சேர்ந்து எழுதிய நிரல் அது. கணக்குப் பார்க்காது, கடிதம் அடிக்காது. ஓட்டினால் சில நிமிடங்கள் படம் ஓடும், பாட்டு ஒலிக்கும், முடிந்துவிடும். அந்தப் படம் ஏற்கெனவே எடுத்து வைத்ததும் அல்ல. ஒவ்வொரு காட்சியையும் கம்ப்யூட்டர் அந்த நொடியில் கணக்குப் போட்டு வரையும். காமடோர் 64 காலத்தில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பிரதி எடுத்தவர்கள், தங்கள் பேரை முன்னால் ஓடவிட்டுக் காட்டியதில் தொடங்கிய பழக்கம். பிறகு விளையாட்டு உதிர்ந்து, பேர் ஓட்டுவது மட்டும் தனிக் கலையாக வளர்ந்துவிட்டது.

எங்கள் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒன்று யார் வீட்டிலும் இருந்ததாக நினைவில்லை. 1984-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நாட்டின் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. என் பள்ளிக்கு வரவில்லை. நாங்கள் முதலில் தொட்டது அச்சகத்து மெஷினைத்தான். லேபிளும் காலண்டரும் அடிக்கிற ஊருக்கு, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. என்று ஒன்று வந்ததும் அச்சகங்கள் கடன் வாங்கியாவது ஒரு கம்ப்யூட்டரை இறக்கின. தொழிலைப் பார்த்துக் கற்று வந்து ஊன்றிய ஊர் சிவகாசி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைப் பார்க்கக் கல்கத்தா போனார்கள். அந்தத் துணிச்சலின் தொடர்ச்சியாகத்தான், அச்சகத்தில் கம்ப்யூட்டரை வைத்திருந்த குளிர்சாதன அறையையும் நான் பார்க்கிறேன். அச்சகம் முழுக்க அந்த ஓர் அறைக்குத்தான் ஏ.சி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அதில் டி.டி.பி. பார்த்த அண்ணன் எனக்குத் தூரத்து உறவு. தீபாவளிக்கு முன்னால் லேபிள் நெருக்கடி, முடிந்ததும் காலண்டர் நெருக்கடி. மார்கழி கழிந்தால்தான் மூச்சு விடுவார்கள். பொங்கலுக்கு அப்புறம் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும், "வேணுமின்னா வந்து பாருங்கடா, காலையில எட்டு மணிக்குள்ள எடத்தக் காலி பண்ணிரணும்" என்று சாவியைக் கையில் கொடுப்பார். விருதுநகரிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து, சட்டைப்பையில் பிளாப்பியோடு போய் இறங்குவோம்.

பிளாப்பிகள் வந்த வழி பல. மெப்கோ கல்லூரி விடுதி அண்ணன்மார்களிடமிருந்து கொஞ்சம், பெங்களூரில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து கொஞ்சம், பிசி குவெஸ்ட் பத்திரிகையின் சி.டி.யிலிருந்து பிரதி எடுத்தது கொஞ்சம். பெரிய டெமோ 1.44 எம்.பி.க்குள் அடங்காது. ஏ.ஆர்.ஜே. போட்டு மூன்று நான்கு பிளாப்பியாக உடைத்துக் கொண்டு வருவோம். முதல் இரண்டும் ஏறிவிடும். மூன்றாவதில் 'பேட் செக்டார்' என்று நின்றால் அன்றைய இரவு போச்சு. அந்த ஒரு துண்டுக்காக மறுபடியும் ஒரு பஸ் பயணம்.

பார்த்ததைவிடப் பேசியது அதிகம். பேசியவர்களில் பாதிப்பேருக்குக் கம்ப்யூட்டரை இயக்கத் தெரியாது. அவர்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அச்சகத்தில் ரீடச்சிங் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிப் படங்களின் நெகட்டிவ்களில் தூரிகை ஓட்டிய கை அது. ஒருநாள் பழைய எக்ஸ்.டி. மெஷினில் ஒரு படத்தை ஓடவிட்டோம். அந்த சி.ஜி.ஏ. திரைக்கு நாலே நிறம்: கறுப்பு, வெள்ளை, சியான், மெஜந்தா. எங்களுக்கு அது கம்ப்யூட்டர் நிறம். ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, எல்லோ இன்னும் ஓட்டலயா?" என்றார். மஞ்சள் பிளேட் ஏறாத தாள் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது அந்தப் படம். அன்றைக்கு அப்புறம் எனக்கு சி.ஜி.ஏ. திரையை வேறு மாதிரி பார்க்கவே வரவில்லை.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து வி.ஜி.ஏ. மானிட்டரின் மேல் வைத்தார். புள்ளி பார்க்கிற லென்ஸ் அது. நாலு நிறப் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். எங்களையும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டு பக்கம் பக்கமாக எரிந்துகொண்டிருந்தன. "நம்ம மை வெளிச்சத்தத் தின்னும். இது வெளிச்சத்தயே கலக்குது. அதான் மூணையும் சேத்தா இங்க வெள்ளை, நமக்குக் கறுப்பு" என்றார். பின்னால் எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

மின் அலங்காரம் போடும் அண்ணாச்சி ஒருவர் வருவார். திருவிழாவுக்குக் கோயில் வாசலில் பல்பாலேயே முருகனையும் மயிலையும் நிறுத்துகிறவர். மயில் தோகையை விரிக்கும், வேல் கீழிருந்து மேலே பாயும். பின்னால் ஒரு மர உருளை மோட்டாரில் சுற்றும். அதன்மேல் ஆணியடித்த செம்புத் தகடுகள் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுத் தொட்டு விலகும். தொட்ட வரிசை எரியும், விலகிய வரிசை அணையும். எந்த பல்பும் இடம் மாறுவதில்லை. வெளிச்சம் மட்டும் நகரும்.

ஒரு டெமோவில் குழாய் ஒன்றுக்குள் கட்டம் கட்டமாக நாம் பறந்து போகிற காட்சி. மெதுவான 386-இல் எப்படி இவ்வளவு வேகமாக வரைகிறது என்று எங்களுக்குள் ஒரே தர்க்கம். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எங்கடா வரையிறான்? படம் நின்ன எடத்துலயே நிக்குது. உருளைதான் சுத்துது" என்றார். அதேதான். படத்தை ஒரே ஒரு தடவை வரைந்து வைத்துவிட்டு, நிறங்களின் பட்டியலை மட்டும் வரிசையாக நகர்த்துகிறார்கள். பேலட் சுழற்சி என்பது இதன் பேர். 1984 ஜனவரியில் அமெரிக்காவில் அமிகா கம்ப்யூட்டரை முதன்முதலில் காட்டியபோது, சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்து ஒன்று துள்ளித் துள்ளிச் சுழன்றது. ஆர்.ஜே. மிக்கலும் டேல் லக்கும் எழுதிய அந்த டெமோவிலும் பந்தின் சுழற்சிக்கு இதே வித்தைதான். அண்ணாச்சி அமிகாவைக் கண்ணால் கண்டவரில்லை. உருளைக்கு ஆணியடித்துப் பழகிய கண் அவருக்கு.

எங்களை அதிக நேரம் உட்கார வைத்தவர் போர்மேன் மாமா. மேட்டமலைப் பக்கம் ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில் வேலை. அவர் வந்தது எங்களைக் கூட்டிப்போக, வந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எங்களிடம் நெருப்பு டெமோ ஒன்று இருந்தது. திரையின் அடி வரிசையில் சிதறலாகப் புள்ளிகளைப் போட்டு, மேலே இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இருக்கிறவற்றின் சராசரியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துக்கொண்டே போனால், கொழுந்து விட்டெரியும். அந்தக் காலத்தில் எல்லா நாட்டுப் பையன்களும் எழுதிப் பார்த்த வித்தை. நாங்கள் பெருமையாக ஓட்டிக் காட்டினோம். மாமா பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வெறகு நெருப்பு மாப்ள. மருந்து நெருப்புக்கு நாக்கு கெடையாது. ஒரு வெள்ளை, அம்புட்டுதான். பாக்க நேரம் இருக்காது." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. அவருடைய இடது முழங்கையைப் பார்த்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

அடுத்து எங்கள் சொந்தப் படைப்பு. க்யூபேசிக்கில் ஸ்கிரீன் 13 போட்டு எழுதிய புஸ்வாணம். ஒவ்வொரு பொறிக்கும் இடம், வேகம். ஒவ்வொரு சுற்றிலும் புவியீர்ப்புக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் கீழே இழுக்க வேண்டும். லூகாஸ்பிலிமில் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் 1982-இல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்துக்கு நெருப்பு வளையங்கள் செய்தபோது இதே முறையைத்தான் கையாண்டார், மறுவருடம் அதைக் கட்டுரையாகவும் எழுதினார் என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு எங்களுக்கு அவர் பேரும் தெரியாது.

மாமா முழுசாக ஒரு சுற்று பார்த்தார். "எடுத்த எடுப்புல இம்புட்டு ஒசரம் போகாதே" என்றார். கீழே கிடந்த வேஸ்ட் தாளை எடுத்துச் சுருட்டிக் கூம்பாக்கினார். வாய் குறுகல், அடி அகலம். விரலை வாயில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். "முதல்ல எரியிறது இந்தச் சின்ன முகம். சீறும், ஏறாது. உள்ள எறங்க எறங்க எரியிற முகம் அகலமாவுது. பூ ஒசந்துக்கிட்டே போவுது. கடைசியில மருந்து தீரும்போது சட்டுன்னு விழும். ஒங்க புஸ்வாணத்துக்கு வயசே இல்ல. பிறந்ததுலேருந்து ஒரே மாதிரி நிக்குது."

பொறிக்கும் அவரிடம் சேதி இருந்தது. அலுமினியப் பொடி சன்னமாக இருந்தால் வெள்ளையாக மின்னிப் பாதியிலேயே அணையும்; குருணையாக இருந்தால் தரை வரைக்கும் வரும். கரிப்பொறி செம்பொன்னாக, சோம்பலாக இறங்கும். எங்கள் நிரலில் எல்லாப் பொறிக்கும் ஒரே ஆயுள். அன்றிரவே ஒவ்வொரு பொறிக்கும் தனி ஆயுள், தனி எடை என்று மாற்றினோம். வேகத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டினோம். ஓட்டினால், திரையில் வேறு ஒரு புஸ்வாணம். மாமா எழுந்து நின்று பார்த்தார்.

பிறகு நிறம் வந்தது. வி.ஜி.ஏ. பேலட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை எண் கொடுக்கலாம். மொத்தம் 2,62,144 நிறம், அதில் ஒரு நேரத்தில் 256 திரையில் நிற்கும். பச்சைக்குப் பச்சை உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் என்று மாமா சொல்லச் சொல்ல நாங்கள் எண்ணைத் தட்டினோம். "நீலம் போடு" என்றார். 0, 0, 63. பொறி முழுக்க அடர்நீலம்.

மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நீலம் வாணவேடிக்கையில் பிடிபடாத நிறம். செம்பு உப்பில்தான் வர வேண்டும். நெருப்பின் சூடு கூடினால் நீலத்தைத் தருகிற அந்தச் சேர்மானமே சிதைந்து நிறம் வெளுத்துவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் போய்விடும். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதே பாடுதான். "கொஞ்சம் வெளுப்பு ஏத்து... இன்னும்... கொஞ்சம் செவப்பு... நிறுத்து. இதான் மாப்ள நாங்க பிடிக்கிற நீலம்." 22, 24, 48. அந்த எண்களை அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கைக்கு வராத ஒன்றின் அளவு முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது, குறித்துக்கொள்ளத்தானே தோன்றும்.

இந்த இரவுகளை நினைக்கும்போது அந்த விடியற்காலைகளும் சேர்ந்தே வருகின்றன. கண்ணெரிச்சலோடு நாங்கள் முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ப்பக்கம் பட்டாசு, தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். எங்கள் தம்பி தங்கை வயதில் பிள்ளைகள், சிலர் இன்னும் சின்னவர்கள், தூக்குச்சட்டியோடு தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள். அபாயகரமான தொழிலில் பிள்ளைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். அதற்குள் எத்தனை பிள்ளைகளின் பால்யம் தீப்பெட்டி ஒட்டியே தீர்ந்தது. எங்களுக்கு விளையாட்டாக இருந்த நிறங்கள் அவர்களுக்குக் கையில் ஏறிய மருந்து. இதைச் சொல்லாமல் அந்த நாட்களைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

'செகண்ட் ரியாலிட்டி' பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்தின் பியூச்சர் க்ரூ குழு 1993-இல் அசெம்பிளி விழாவில் முதல் பரிசு வாங்கிய டெமோ. 486 வந்த பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. அச்சக மெஷினில் சவுண்ட் கார்டு கிடையாது. 'ஒலி வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்துத்தான் பார்த்தோம். சில காட்சிகள் முடிந்த மாதிரி இருந்தும் நகராமல் நிற்கும். பிறகு திடீரென்று வெட்டி மாறும். ஏன் அங்கே காத்திருக்கிறான் என்று பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கிறோம். மெஷின் மந்தம் என்றான் ஒருவன். அடுத்த காட்சிக்குக் கணக்குப் போடுகிறது என்றேன் நான். வருடங்கள் கழித்து யூடியூபில் சத்தத்தோடு பார்த்தபோதுதான் தெரிந்தது. பர்ப்பிள் மோஷனும் ஸ்கேவனும் போட்ட இசை அது. தாளம் விழுகிற இடத்துக்காகத்தான் படம் காத்திருந்திருக்கிறது. உடனே அந்தப் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டேன். "தாளத்துக்குடா!" என்றதும், எதைப் பற்றி என்று கேட்காமலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

டெமோ கலாசாரத்தைப் பின்லாந்து 2020-இல் தன் நாட்டு வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் ஜெர்மனியும் சேர்த்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்த டெமோக்களின் கடைசியில் மற்றக் குழுக்களுக்கு வணக்கம் சொல்லிப் பேர்கள் ஓடும். இது எங்களுக்கு யாரும் விளக்காமலே பிடிபட்டது. சுவர் சுவராகக் கல்யாண போஸ்டர் ஒட்டி, 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று தெரு முழுக்கப் பேர் போடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் புஸ்வாணத்தின் முடிவிலும் அப்படி ஓடவிட ஆசைப்பட்டோம். தமிழ் எழுத்து அந்த மெஷினில் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, எண்ணாக்கி, டேட்டா வரிகளாக அடித்தோம். 'ணை'யும் 'னை'யும் பழைய துதிக்கை போட்ட எழுத்தாகத்தான் வேண்டும் என்று ரீடச்சிங் பெரியவர் பிடிவாதம் பிடித்து, அவரே வரைந்து கொடுத்தார். அவர் பேர், அண்ணாச்சி பேர், மாமா பேர், சாவி கொடுத்த அண்ணன் பேர் எல்லாம் கீழிருந்து மேலே போயின. மாமா தன் பேர் வரும்போது மட்டும் எழுந்து கிட்டத்தில் போய் நின்று கொள்வார்.

விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஸ்டால் போட்டார். கூட்டம் சேர்க்க ஏதாவது வேண்டும் என்று கேட்டார்; புஸ்வாணத்தைக் கொண்டுபோய் ஓடவிட்டோம். ஜெயண்ட் வீலுக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் ஒரு பதினாலு இஞ்ச் திரை. நிற்பார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஓர் அக்கா மட்டும் போகவில்லை. விரல் இடுக்கில் அலுமினிய வெள்ளை. எங்கே வேலை என்று கேட்க வேண்டியதில்லை.

"எம்புட்டு நேரம்ப்பா எரியும்?"

"நிப்பாட்டுற வரைக்கும் எரியும்க்கா."

"கண்ணாடிக்குப் பின்னாடி சூடு வருமா?"

"சூடே கெடையாதுக்கா. வெறும் வெளிச்சம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பையனை முன்னால் இழுத்துவிட்டு, "போடா, கிட்டக்கப் போயி நல்லாப் பாரு" என்றார். அவன் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குப் போய் நின்றான். பச்சையில் வேண்டும் என்றான். எண்ணை மாற்றி ஓட்டினேன். சிவப்பில் வேண்டும் என்றான். பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்; ஆளுக்கொரு நிறம். ஸ்டால்காரர் தன் நோட்டீஸ்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.